மூன்று தக்காளி

பாலக்கோடு மண்டியிலிருந்து
மூன்று கிரேடு திரும்பி வந்தது.
பழத்தை ஓரமாய்க் கொட்டிவிட்டுப்
பெட்டியை வைத்துவிட்டுப் போ என்றவரிடம்
பெட்டி என்னுடையது என்றேன்.
அன்றைக்கு நான் ஜெயித்த ஒரே வாதம்.

வாசலில் இறக்கியதும்
சங்கவி வந்து நின்றாள்.
"இதெல்லாம் நமக்கேவா?"
தக்காளியைப் பார்த்து எங்கள் வீட்டில்
யாரும் அப்படிக் கேட்டதில்லை.

முதலில் விதை.
ஒரு பழத்தை அறுத்துத் தட்டில் பிதுக்கி
ஈர்க்குச்சியால் பத்துப் பத்தாக ஒதுக்கினார்கள்.
நூற்று முப்பத்தேழு என்றாள்.
நூற்று நாற்பது என்றான் முனிராஜ்,
"மூணு என் வாயில இருக்கு."
கிலோவுக்குப் பதினான்கு பழம்,
பெட்டிக்கு இருபத்தைந்து கிலோ,
மூன்று பெட்டி.
கரித்துண்டால் தரை முழுக்கப் பெருக்கிவிட்டு
"நம்மகிட்ட ஒரு லட்சத்து நாப்பத்தேழாயிரம் இருக்கு!"
என்று அவள் கத்தியதில்
எதிர்வீட்டு ராஜம்மா எட்டிப் பார்த்தாள்.
கைமாற்றுக்கு வந்தாலும் வருவாள்.

தரையில் இடம் தீர்ந்த பிறகுதான்
உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த கால்குலேட்டர்
நினைவுக்கு வந்திருக்கிறது.
ஆடியிலேயே செல் செத்துப்போனது.
புது செல் பதினைந்து ரூபாய்.
ஏழு கிலோ தக்காளிக்கு மேல்.

புகைந்துபோன மோட்டாரின் காயிலில்
செம்புக் கம்பி இருந்தது.
கல்லில் உரசி அரக்கை எடுத்தாள்,
கறுத்த முனையைத் தக்காளிச் சாற்றில் தேய்த்தாள்,
புதுக் காசு மாதிரி ஆனது.
துத்தநாகம் பூசிய ஆணி
எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.
தகரக் கூரையில் எத்தனை குறைகிறது என்பதை
மழை சொல்லும்.

ஒரு பழத்தில் ஒரு கம்பி, ஒரு ஆணி,
ஆணியிலிருந்து அடுத்த பழத்தின் கம்பிக்கு.
ஒன்றுக்கு ஒன்றும் வரவில்லை.
இரண்டுக்கு ஏதோ நிழல்.
கம்பியை மாற்றிப் பிடி என்று முனிராஜ் சொல்ல
உனக்கென்ன தெரியும் என்று அவள் சொல்ல
மாற்றிப் பிடிக்கவும்
மூன்றாம் பழத்தில்
சைபர் வந்தது.

ஒரு சைபருக்கு இவ்வளவு கூச்சலா என்று
அடுப்படியிலிருந்து சாந்தா கேட்டாள்.

"அப்பா, ஏதாவது கணக்கு சொல்லு."
என்னிடம் இருந்தது ஒரே கணக்கு.
பதினெட்டு கிரேடு, அறுபது ரூபாய்.
கழி, கமிஷன் நூற்றெட்டு.
கழி, வண்டி வாடகை எண்ணூறு.
கழி, பறித்த மூன்று பேருக்கு
முந்நூற்று ஐம்பது வீதம்.
மருந்தைச் சொல்லவில்லை. கரண்ட் வராத இரவுகளில்
மடை பார்த்துக் காத்திருந்ததைச்
சொல்ல அதில் பொத்தான் இல்லை.

தக்காளி
தன் கணக்கைத் தானே போட்டது.

எண்ணூற்று எழுபத்தெட்டு.
"லாபமா?" என்றான் முனிராஜ்.
"முன்னாடி ஒரு கோடு இருக்கு பாரு."
"அது என்னாது?"
சங்கவி சுவரில் ஒரு கோடு இழுத்தாள்.
"இது தரை. சைபர்.
மேல போனா சாதா நம்பர்.
கீழ போனா கோடு போட்ட நம்பர்.
நம்ம போர் மாதிரி."

அவன் யோசித்தான்.
"அப்ப எண்ணூத்து எழுபத்தெட்டுல
தண்ணி வருமா?"

எங்களுக்குத் தொள்ளாயிரத்து இருபதில்தான் வந்தது.
அதுவும் விரல் தண்டி.
நான் சொல்லவில்லை.
கோடு மட்டும் கொஞ்ச நேரம்
முன்னால் மினுங்கிக்கொண்டிருந்தது,
முனிராஜ் கம்பியைத் தட்டிவிடும் வரை.

படுக்கப் போகும்போது
சங்கவி அம்மாவிடம் சொன்னாள்:
அந்த மூணு பழத்தை மட்டும் ரசத்துல போட்டுடாத,
ஆணிச் சத்து இறங்கியிருக்கும்.
"மீதி?" என்றாள் சாந்தா, மூன்று பெட்டியையும் பார்த்து.

டார்ச்சை எடுத்துக்கொண்டு
நான் கூரையைப் பார்க்கப் போனேன்.
மூன்று ஓட்டை. மூன்றிலும்
வானம்.